பிறந்த தேதி வரிசையில் நாற்பது பேர்

ஒலிபெருக்கியின் நீல விளக்கு அணைந்து கிடந்தது. ஹபீப் பாய் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை முக்கால்வாசி மூடி, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

அறையில் இசை நின்றிருந்தது; நான் முதலில் அதை இசையின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டேன். பெரிய இசையமைப்பாளர்கள் நடுவில் மௌனம் வைப்பார்கள். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. நானும் ஒருமுறை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அவர்களும் மௌனமாக இருந்துவிட்டார்கள். ஆகவே நோட்டில் "நீண்ட இடைவெளி. துணிச்சல்" என்று குறித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்துக் காத்திருந்தேன்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. தெருவில் ஒருவர் கோலா மீன் கூவி விற்றுக்கொண்டு போனார். மின்விசிறி கறகறத்தது. மூன்றாவது நிமிடத்தில் துணிச்சல் கொஞ்சம் அதிகமாகத் தெரியவே, நிமிர்ந்து விளக்கைப் பார்த்தேன். சார்ஜ் தீர்ந்து ஒலிபெருக்கி எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

பாய் நிற்கவில்லை. வலது கை விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. ஓரிடத்தில் புருவம் உயர்ந்து இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, பெருமூச்சு விட்டு, "ஆஹா" என்றார்.

வாரா வாரம் பத்துக்கு மதிப்பெண் போடுவது எங்கள் வழக்கம். "எவ்வளவு பாய்?" என்று கேட்டேன்.

"எட்டு போடுங்க சார். நடுவுல ஒரு எடம் வந்துச்சு பாருங்க... அல்லாவே!"

எட்டு என்று எழுதினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தேதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. இங்கே சொல்லப் போவதில்லை.

இருவர் கொண்ட சபை

வெளியூர்க்காரர்கள் காரைக்காலுக்கு எதற்காக வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் சனிபகவானுக்காகத் திருநள்ளாறு வருகிறார்கள். மீதிப் பேர் வருவது பாட்டிலுக்காக. மேற்கத்திய சாஸ்திரிய இசைக்காக ஒருவராவது எல்லை தாண்டி வந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் இந்த ஊரில் அதற்கென்று ஒரு சபை இருக்கிறது. உறுப்பினர்கள் இரண்டு பேர். செயலாளர் நான். மற்றவர் பாய்.

நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு பார்க்கிறவன். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பதைத் தவிர மனிதர்களைப் பற்றி எதுவும் கேட்காத வேலை. எனக்கு அது பிடித்திருக்கிறது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் புரியும்.

பாய் இருபத்தாறு வருடம் வளைகுடாவில், ஒரு குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரஸர் அறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் வீட்டு மாடியில்தான் சபை கூடும். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு அவர் படியேறி வந்ததும் ஆரம்பம். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் முடிவு. எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் இந்த இரண்டு தொழுகைகளுக்கு நடுவில்தான் அடங்க வேண்டும். சூரியன் மறையும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறுவதால், எந்தப் படைப்பு எந்த மாதத்தில் கொள்ளும் என்று ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தேன். ஜெர்மானியர்களில் பாதிப் பேர் கார்த்திகையில் கொள்ளமாட்டார்கள். ஆனியில் கொள்வார்கள்.

பெயர் கேட்டு எழுதுகிறவர்களுக்கு

இந்தத் தொடரில் இசையைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், "யாரைக் கேட்கலாம், பெயரைச் சொல்லுங்கள்" என்று கடிதம் வந்துவிடுகிறது. பெயரைச் சொன்னால் நீங்கள் பெயரைத்தான் கேட்பீர்கள். அடுத்த வாரம் ஏதாவது விருந்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு வடையை எடுப்பீர்கள். நான் அப்படிச் செய்திருக்கிறேன். அதனால் தெரியும்.

தவிர, அந்தப் பெயர்களை எனக்கு உச்சரிக்கவும் வராது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். அவர் மகளோடு இருக்கப் பாரீசுக்குக் கிளம்பியபோது ஒரு பெட்டி நிறையக் குறுந்தட்டுகளைக் குப்பைக்குப் போட இருந்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இசைக்காக அல்ல. தட்டுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை.

அட்டையில் இருந்த பெயர்களில் பாதி எழுத்துகளை வாயால் சொல்லக்கூடாதாம். எழுதிவிட்டுச் சொல்லாமல் இருப்பதற்கு எதற்கு எழுத வேண்டும்? எனவே நானே பெயர் வைத்தேன்.

தையல்காரர் என்று ஒருவர். ஒரு ராகத்துக்கு அடியில் இன்னொரு ராகத்தை வைத்து, தையல் வெளியே தெரியாமல் அடிப்பார். விருந்தாளி என்று ஒருவர். சிரித்த முகமாக வந்து, அளவாகச் சாப்பிட்டு, சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். சண்டைக்காரர் கதவை உடைத்துக்கொண்டு வருவார். முடிக்கத் தெரியாது. முடிந்தது என்று நாம் எழுந்தால் மறுபடி ஒரு குத்து. நன்றியுரை சொல்ல வந்து அரை மணி பேசும் எங்கள் ஊர்ப் பிரமுகர்கள் அவரிடம் கற்றிருக்க வேண்டும். ஈரத்துணி என்று ஒரு பிரெஞ்சுக்காரர். கேட்கும்போது ஒன்றுமே நடக்காது. எழுந்து நடந்தால் உடம்பெல்லாம் நனைந்திருக்கும்.

இப்படி நாற்பது பேர். சிபாரிசு செய்வதிலும் எனக்கு முன் அனுபவம் உண்டு. அலுவலக நண்பர் சேகர் தன் தங்கை கல்யாண வரவேற்புக்கு "ஏதாச்சும் டீசன்ட்டா சொல்லுங்க சார்" என்றார். விருந்தாளியைக் கொடுத்தேன். முதல் பாட்டோடு நிறுத்தச் சொல்லியிருந்தேன். திருவேட்டக்குடி மண்டபத்தில் அதை யாரும் நிறுத்தவில்லை. தட்டில் அடுத்ததாக இருந்தது இறந்தவர்களுக்கான பிரார்த்தனை. முக்கால் மணி நேரம் ஓடியது. மணமக்கள் நின்று ஆசி வாங்கினார்கள். ஐந்நூறு பேர் சாப்பிட்டார்கள். ஒரே ஒரு புகார் வந்தது, பிரியாணி ஆறிவிட்டதென்று.

"மியூசிக் சூப்பர் சார், எல்லாரும் கேட்டாங்க" என்றார் சேகர். கேட்டார்களாம்.

பாய் கேட்ட பட்டியல்

பாயின் காது கம்ப்ரஸர் அறையிலேயே பழுதாகிவிட்டது. ஊர் திரும்பிய பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது. தஞ்சாவூரில் ஒரு காது டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார்.

"மேல இருக்கற சத்தம் மொதல்ல போவுமாம் சார். குருவி, கொலுசு, குக்கர் விசில். கீழ உள்ளது கொஞ்சம் நிக்குமாம். ஒரு வருசமோ, ஒண்ணரை வருசமோங்கறாரு."

"மெஷின் வைக்கலாமே பாய்?"

"வச்சுப் பாத்தாச்சு. பேச்சுக்குப் பரவால்ல. பாட்டு போட்டா தையல்காரரு தகரத்துல தைக்கற மாதிரி இருக்கு." பிறகு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். "நீங்க ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க சார். காது இருக்கறப்பவே எதெதெல்லாம் கேக்கணுமோ, அத."

உலகத்தில் என்னிடம் யாரும் இதுவரை இவ்வளவு சரியான ஒன்றைக் கேட்டதில்லை. அன்று மாலையே உட்கார்ந்தேன். நாற்பது பேரையும் எழுதினேன். ஒரே நாளில் பிறந்தவர்கள் இல்லாததால் வரிசைப்படுத்துவது எளிதாக இருந்தது.

ஆமாம், பிறந்த தேதி வரிசைப்படி. மூத்தவர் முதலில். வாரத்துக்கு ஒருவர். நான்கு வண்ணங்களில் கோடு போட்டு, ஓரத்தில் மதிப்பெண்ணுக்குக் கட்டம் விட்டு, மேலே தலைப்பும் எழுதினேன். பாய் அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

"அந்தப் புல்லாங்குழல் எங்க சார் இருக்கு? நீங்க ஒருநாள் சொன்னீங்களே, அத கேட்டுதான் இதுக்குள்ள வந்தேன்னு."

"ஈரத்துணியா? இருபத்து மூணாவது."

"அத மொதல்ல போட்டுருவமா?"

"வரிசைப்படி வரும் பாய்" என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அரசு அலுவலகத்தில் வரிசைப்படி வரும் என்று சொல்லப்பட்ட யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

இப்படியாக, காது போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு, அவர் கேட்க ஆசைப்பட்ட ஒன்றை, ஐந்து மாதம் தள்ளிக் குறித்துக் கொடுத்தேன். நடுவில் எனக்கு மலேரியா கணக்கெடுப்பு, பாய் வீட்டில் ஒரு கல்யாணம், மழை என்று சில ஞாயிறுகள் தவறின. தவறிய வாரத்தைத் தாண்டிப் போகக்கூடாது, விட்ட இடத்திலிருந்துதான் தொடர வேண்டும் என்பதும் நான் போட்ட விதி. ஒலிபெருக்கி நின்றுபோன அந்த ஞாயிறு, நாங்கள் இருந்தது பதினாறாவது எண்ணில்.

பேனா நின்ற இடம்

எட்டு என்று எழுதினேன் என்று சொன்னேன் அல்லவா? அப்போதுதான் பாயின் மனைவி கதீஜா அக்கா டீயோடு மேலே வந்தார். அறை அமைதியாக இருப்பதையும் ஒலிபெருக்கியையும் என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"தெரிஞ்சு போச்சா தம்பி?" என்றார்.

பாய் டீயை வாங்குவதில் மும்முரமாக இருந்தார்.

"எவ்வளவு நாளாக்கா?"

"வயலினெல்லாம் போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. கீழ நான் மிக்ஸி போட்டா இவங்க சத்தம் போடாதங்கறாங்க. மேல வயலின் வாசிச்சா ஒண்ணும் தெரியல."

"பிறகு எப்படி மார்க் போடுறார்?"

"உங்க பேனாவப் பாத்துதான். கண்ண மூடுன மாதிரி இருப்பாங்க, ஓரமாப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. நீங்க எழுதிக்கிட்டே இருந்தா அது சுமாரான எடமாம். எழுதறத நிறுத்திட்டு உக்காந்தீங்கன்னா நல்ல எடமாம். எங்கிட்டயே சொன்னாங்க."

அன்று நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூன்று நிமிடம் அசையாமல் இருந்தேன். பாயின் கணக்கில் அதுவரை வந்த பதினாறு பேரில் அதுவே உச்சம். ஒன்றுமே ஒலிக்காத அந்த மூன்று நிமிடத்துக்குத்தான் எட்டு.

நோட்டைத் திருப்பினேன். ஒன்பதாவது எண்ணிலிருந்து எங்கள் இருவர் மதிப்பெண்களும் அப்படியே ஒத்துப்போயிருந்தன. என் ரசனை அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று அதன் பக்கத்தில் நான் எழுதி வைத்திருந்த பாராட்டுக் குறிப்பும் இருந்தது.

"பாய்" என்றேன், அவர் உதட்டைப் பார்க்கும்படி முகத்தை நேராக வைத்து. "ஏன் சொல்லல?"

டீ கிளாஸை வைத்தார். "எப்படி சார் சொல்றது? நாலு கலர்ல கோடு போட்டுருக்கீங்க. பதினாறுல நிறுத்துனா மிச்சக் கட்டமெல்லாம் சும்மா கெடக்கும். உங்களுக்குத் தூக்கம் வராது."

"இவங்க பயந்தது அது இல்ல தம்பி" என்றார் அக்கா. "கேக்கலன்னு சொன்னா நீங்க ஞாயித்துக்கெழம வர்றத நிறுத்திடுவீங்கன்னு."

பாய் அவரைப் பார்த்து, "என்ன சொல்ற?" என்றார்.

"டீல சக்கரை போதுமான்னு கேட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு அக்கா ஒலிபெருக்கிக்குச் சார்ஜரை மாட்டினார்.

படி இல்லாத மாடி

வரிசையைக் கைவிடுவது என் பணிக்காலத்தில் அதுவே முதல்முறை. நேரே இருபத்து மூன்றுக்குப் போனேன். ஈரத்துணியின் புல்லாங்குழல். ஒலியை முழுவதும் ஏற்றினேன். ஏற்றியதில் எதிர்வீட்டுக்காரர் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

இந்த முறை பாய் கண்ணை மூடவில்லை. தலையாட்டவும் இல்லை. முன்னால் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, ஒரு தாழ்ப்பாளைத் துழாவுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். எனக்குப் பேனாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

முடிந்ததும் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"கீழ வர்றப்ப கேக்குது சார். நல்லாருக்கு. வழவழன்னு, பேரிங்ல எண்ணெ விட்ட மாதிரி. அங்கேருந்து மேல ஏறும் பாருங்க, நாலு படி ஏறுறது தெரியுது. அதுக்கு மேல படியக் காணும். ஆளு எங்கயோ மேல போயிட்டான். நான் கீழயே நிக்கறேன்."

"ஆறு மாசம் முன்னாடி போட்டிருந்தா..."

"கேட்டிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பட்டியல் கேட்டு எழுதும் வாசகர்களுக்கு இங்கே என் சிபாரிசைக் கொடுத்துவிடுகிறேன். குழலை முதலில் கேளுங்கள். பிறகு வயலின். பிறகு பியானோ. அடித்தொண்டைக்காரர்கள் எல்லோரும் கடைசியில் வரலாம், அவர்கள் காத்திருப்பார்கள். எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால், என்னைப் போன்றவர்களிடம் பட்டியல் கேட்காதீர்கள். இசையமைப்பாளர் எந்த வருடம் பிறந்தார் என்பது அவருடைய அம்மாவுக்கும் என் அலுவலகத்துக்கும் மட்டும் தேவையான விவரம்.

நாற்பதாவது ஆள்

மஃரிபுக்கு இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. நான் நோட்டை மூடப் போனேன். பாய் அதை என் கையிலிருந்து வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"நாப்பதாவதா போட்டிருக்கீங்களே, இது யாரு?"

"ஜெனரேட்டர்" என்றேன். புரியவில்லை என்று தெரிந்து, அதே பக்கத்தில் பெரிதாக எழுதிக் காட்டினேன்.

இவர் நவீனர். உயிரோடு இருப்பவர். பட்டியல் என்றால் நிகழ்காலம் வரை வரவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்த்திருந்தேன். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர் போல ஒரே உறுமல், இருபது நிமிடம். ராகம் கிடையாது, ஏற்றம் இறக்கம் கிடையாது. நான் தனியாகக் கேட்டு ஒரு மதிப்பெண் போட்டிருந்தேன். அதுவும் முடித்ததற்காக.

"உசுரோட இருக்காரா?"

"இருக்கார்."

"அப்ப அவர மொதல்ல பாத்துருவோம். செத்தவங்க எங்க போயிடப் போறாங்க?"

போட்டேன். உறுமல் தொடங்கியது. நான் வழக்கம்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பாயின் விரல்கள் தாளம் போடவில்லை. எழுந்து போய், ஒலிபெருக்கி இருந்த மர பீரோவின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. வேலை பார்க்கிற முகம் அது.

"சார், ரெண்டு ஓடுது."

"என்ன ரெண்டு?"

"ஒண்ணு நேராப் போவுது. அதுக்கு அடியில இன்னொண்ணு, கொஞ்சம் மெதுவா. ஒண்ண ஒண்ணு தொரத்திக்கிட்டே போவுது. அப்பப்ப ரெண்டும் சேருது. சேந்தோன்ன லேசா ஒரு மூச்சு விடுது. எங்க ரூம்ல ரெண்டு கம்ப்ரஸரும் இப்படி சேந்து மூச்சு விட்டா, எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். நாங்க டீ குடிக்கப் போவோம். இந்த ஆளு கம்ப்ரஸர் ரூம்ல வேல பாத்துருக்கான் சார்!"

நானும் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குக் கேட்டது ஒன்றுதான்.

"வருது பாருங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "இருங்க... இருங்க... இப்ப!" அழுத்தினார். "கேட்டுச்சா?"

என் காதில் எந்தக் குறையும் இல்லை. போன வருடம்தான் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன். தலையை ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும். அவர் சந்தோஷமாக இருந்திருப்பார், நானும் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"எனக்குக் கேக்கல பாய்" என்றேன்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். பிறகு அறை அதிரச் சிரித்தார்.

"கதீஜா! இங்க வா. சாருக்குக் கேக்கலையாம்!"

"சரியாப் போச்சு, இப்ப ரெண்டு பேருமா?" என்றது படிக்கட்டிலிருந்து குரல்.

அது பாய்க்குக் கேட்கவில்லை. முதலிலிருந்து போடச் சொல்லிவிட்டு, என் கையை எடுத்து பீரோவின் மேல் வைத்தார்.